கண்ணாடிக்குள் நூறு லீற்றர் கடல்

கடல்தொட்டி வைக்க விரும்புகிறவருக்குக் கிடைக்கும் சாமான் பட்டியல் எதை எடுத்தாலும், முதலிலேயே நீரைச் சூடாக்கும் ஹீற்றர் நிற்கும். அதன் பின்னால் கடலுப்புக் கலவை, நுரை பிரிக்கும் ஸ்கிம்மர், நீல ஒளி விளக்கு என்று வரிசை நீளும். பேர்லினில் மாடி வீட்டில் இருப்பவருக்கு இந்தப் பட்டியல் பொருந்தும். அவருக்குக் கடல் தூரம், அறை குளிர், மின்சாரம் அநேகமாக நிற்பதேயில்லை. பருத்தித்துறைக் கடற்கரை வீதியில் இருப்பவருக்கு இந்த மூன்றுமே மாறுபாடு. வாசலைத் தாண்டினால் கடல். சித்திரை, வைகாசியில் அறை வேகும். மின்சாரமோ சொல்லாமல் போகும். ஆகவே இங்கே தொடங்குகிறவர் பட்டியலைப் பார்த்து வாங்கக்கூடாது. கடல் செய்கிற வேலைகளில் எவற்றை என் வீடு தானாகவே செய்யும், எவற்றைச் செய்யாது என்று பிரித்துப் பார்த்து, செய்யாத வேலைக்கு மட்டும் கருவி வாங்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கணக்குத்தான்.

இப்படி யோசித்த முதல் ஆள் நமக்கு அயலவர்தான். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர் 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை விவரித்தார். கடலில் இருந்து எடுத்த நீர், உயிர்கள் ஒட்டியிருக்கும் கற்கள், சூரிய வெளிச்சம், சிறு காற்றுக் குமிழிகள். இவ்வளவுதான். இயந்திர வடிகட்டி எதுவும் கிடையாது. அவருடைய தொட்டிகளில் உயிருள்ள முருகைகள் வாழ்ந்தன. முருகை என்று நாங்கள் சொல்வது தமிழ்நாட்டில் பவளம் எனப்படும் உயிரினத்தைத்தான். அதே காலத்து ஐரோப்பியர்களுக்கு அது கைகூடவில்லை. அவர்கள் வெண்மையாகக் காய்ந்த முருகைக்கல்லை அலங்காரத்துக்கு வைத்து, மீனை மட்டும் வளர்த்தார்கள். உயிர்க்கல்லோடு கடுமையான விளக்கையும் ஸ்கிம்மரையும் சேர்த்து 1980களில் பேர்லினில் ஒரு முறை உருவான பிறகே குளிர்நாடுகளில் முருகைத் தொட்டி பரவியது. இன்று கடைகளில் விற்கும் பட்டியல் அந்தப் பேர்லின் முறையின் வாரிசு. கடலோரத்தில், வெப்பநாட்டில் இருக்கும் நமக்கு லீயின் வழிதான் கிட்ட. ஆனால் அவர் செய்த ஒன்றை நாம் இன்று செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தொட்டி. தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 30 லீற்றர் அளவுள்ள சிறியதைத் தேடுவார்கள். விலை குறைவு, மேசையில் வைக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். கடல்நீர் விடயத்தில் சிறியது கடினம். ஒரு லீற்றர் நீர் ஆவியாகிப் போனால் 30 லீற்றர் தொட்டியில் உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35இல் இருந்து 36.2 ஆகிவிடும். 100 லீற்றர் நீர் இருந்தால் அதே இழப்பில் 35.4 தான் ஆகும். செத்த மீன் ஒன்று கல்லிடுக்கில் கிடந்து அழுகினாலும் கணக்கு இதுவே. பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை நீரின் அளவில்தான் இருக்கிறது. வேறு எந்தக் கருவியும் அதைத் தராது. 75 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்று கண்ணாடித் தொட்டி செய்கிறவரிடம் சொன்னால் 120 லீற்றர் கொள்ளும் தொட்டி கிடைக்கும். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 100 லீற்றர் நீர் நிற்கும். ஆழமாக வேண்டாம், அகலமாகக் கேளுங்கள். ஒட்சிசன் நீருக்குள் புகுவது மேற்பரப்பின் வழியாகத்தான். ஒட்டும் சிலிக்கன் பூஞ்சண மருந்து கலக்காததாக இருக்க வேண்டும். குளியலறைக்கென விற்பதில் அந்த மருந்து கலந்திருக்கும்.

நிரப்பிய தொட்டி 150 கிலோவுக்கு மேல் வரும். இரும்புத் தாங்கி வேண்டாம். கடற்காற்றில் உள்ள உப்பும் தொட்டியில் இருந்து தெறிக்கும் உப்பும் சேர்ந்து இரண்டு மாரிக்குள் அதைத் தின்றுவிடும். சீமெந்துக் கல் அடுக்கி, மேலே தடித்த பலகை போட்டு, பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில் மெல்லிய பஞ்சுத்தாள் விரித்தால் போதும். மலிவு, ஆடாது, துருப்பிடிக்காது.

இனி வெப்பம். பருத்தித்துறையில் கடல்தொட்டியின் தலைவிதியைத் தீர்மானிப்பது இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முருகை என்பது சிறு விலங்குகளின் கூட்டம். ஒவ்வொரு விலங்கின் உடலுக்குள்ளும் நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, ஒளித்தொகுப்பில் தாம் செய்யும் உணவின் பெரும் பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கின்றன. கடல் வெப்பம் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தை ஒரு பாகை செல்சியஸ் தாண்டிச் சில வாரங்கள் நின்றாலே இந்த உறவு முறிந்துவிடும். அல்காக்கள் வெளியேற, முருகை வெளிறிப்போகும். இலங்கைக் கரைகளில் 1998இல் இது பெரிய அளவில் நடந்தது. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலும் முருகைகள் கூட்டமாக மடிந்தன. 2010இலும் 2016இலும் மீண்டும் வந்தது. உலகளாவிய நான்காவது வெளிறல் தொடங்கிவிட்டதாக அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனமான நோவா 2024 ஏப்ரலில் அறிவித்தது. திறந்த கடலே விளிம்பில் நிற்கிறபோது, ஓட்டு வீட்டு அறையில் நிற்கும் 100 லீற்றரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பம் இன்னொரு வழியிலும் கொல்லும். கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 6.2 தான். சூடு ஏற ஏற மீனின் மூச்சுத் தேவை கூடும், நீரில் உள்ள இருப்போ குறையும்.

ஹீற்றருக்கு இங்கே அநேகமாக வேலையில்லை. தை மாதத்து விடியற்காலையில் அறை குளிர்ந்தாலும் பம்பிகளின் சூடு நீரைத் தாங்கும். 24 பாகைக்குக் கீழே போகிறதா என்று ஒரு தையில் பார்த்துவிட்டு, போனால் வாங்கலாம். அந்தப் பணத்தில் விசிறி வாங்குங்கள். நீர்ப்பரப்பின் குறுக்கே காற்று வீசும்படி ஓரத்தில் பொருத்தும் 5 வாற் விசிறி போதும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். ஆவியாகும் ஒவ்வொரு துளியும் மிஞ்சிய நீரில் இருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. கணக்கு வியப்பானது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோயூல் வெப்பம் தேவை. வேறு வெப்பம் உள்ளே வராவிட்டால், 170 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு, ஆவியானாலே 100 லீற்றர் நீர் ஒரு பாகை குளிர்ந்துவிடும். நாளுக்கு ஒரு லீற்றர் ஆவியாகினால், நீரில் இருந்து 28 வாற் வெப்பம் இடைவிடாமல் அகற்றப்படுகிறது என்று பொருள். ஒரு சிறு விளக்கும் இரண்டு பம்பிகளும் ஏற்றும் சூட்டை அது சரிக்கட்டிவிடும்.

விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரம் கூடக்கூட ஆவியாதல் தளரும். 33 பாகை வெயிலில் ஈரப்பதன் 60 சதவீதம் என்றால் விசிறியால் நீரை 27 பாகைக்குச் சற்றுக் கீழே வரை இறக்கலாம். அதே 33 பாகையில் ஈரப்பதன் 70 என்றால் 28 பாகைக்குக் கீழே ஒருபோதும் இறக்க முடியாது. கடலோர வீட்டில் இந்த வித்தியாசம் முக்கியம். நல்ல வேளையாக, எதையும் வாங்க முன்னரே உங்கள் அறையின் எல்லையை அளந்துவிடலாம். சாதாரண வெப்பமானி ஒன்றின் குமிழை நனைந்த பருத்தித் துணியால் சுற்றி, ஓடும் விசிறிக்கு முன்னால் பத்து நிமிடம் வையுங்கள். அது எந்த எண்ணில் போய் நிற்கிறதோ அதுதான் அந்த நேரத்தில் உங்கள் தொட்டி இறங்கக்கூடிய அடிமட்டம். உண்மையில் நீர் அதைவிட ஒரு பாகையாவது மேலேதான் நிற்கும். சித்திரை கடைசியில், பின்னேரம், காற்று ஓய்ந்திருக்கும் பொழுதில் பாருங்கள். 27 காட்டினால் அந்த அறை நல்லது. 29 காட்டினால் அங்கே விசிறியை நம்பி முருகை வைக்க முடியாது. அதற்குச் சில்லர் எனப்படும் குளிரூட்டும் இயந்திரம் வேண்டும். அதன் விலையும் மின்கட்டணமும் தொடங்குகிறவருக்கு உரியவை அல்ல. பழைய நாற்சார் வீட்டின் உள் விறாந்தை, தட்டைக் கூரை போட்ட புது அறையைவிட எவ்வளவு குளிர்ச்சி என்பதை இந்த ஈரத்துணி வெப்பமானி எண்ணாகவே காட்டிவிடும்.

விசிறி வைத்தால் நாள்தோறும் நீர் குறையும். போவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். கடல்நீரை ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பது புதியவர்கள் அடிக்கடி மறக்கும் விடயம். ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. நம் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் தோண்டியவை. நீர் கடினமானது, கரையோரத்தில் பல இடங்களில் சவர். தோட்டங்களுக்குப் போடும் உரத்தின் நைத்திரேற்று கல்லின் வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீரில் இறங்கியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. நாள்தோறும் ஒரு லீற்றர் கிணற்று நீர் ஊற்றினால் அந்த நைத்திரேற்று முழுவதும் தொட்டியிலேயே தங்கும். கல்லெல்லாம் பாசி மூடும். வடிகட்டி விற்கும் ஆர்.ஓ. நீர் வாங்குங்கள். மாரியில் முதல் மழையில் கூரை கழுவிய பிறகு பிடித்து மூடிவைத்த மழைநீரும் நல்லதே. ஏசி இயந்திரத்தில் இருந்து சொட்டும் நீர் பார்வைக்குத் தூய்மையானது. ஆனால் அது செப்புக் குழாய்களின் மேல் படிந்து வருவது. ஊரிக்கும் நண்டுக்கும் முருகைக்கும் செப்பு நஞ்சு. மீனுக்குத் தரும் சில மருந்துகளிலும் செப்பு இருக்கும். அவற்றைத் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது.

கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒரு கோடாகக் கீறிவிடுங்கள். காலையில் கோடு வரை ஊற்றுங்கள். தானாக ஊற்றும் கருவி விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் முதல் ஆண்டில் கையால் ஊற்றுகிறவர் தொட்டியை நாள்தோறும் பார்ப்பார். அது கருவியைவிடப் பெறுமதியானது.

உப்புக் கலவை வாங்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குக் குளிர்நாட்டுப் பட்டியலில் மாற்று விடை கிடையாது. நமக்கு உண்டு. கடல்நீரையே எடுக்கலாம். ஆனால் எங்கிருந்து, எப்போது என்பதில் கவனம் வேண்டும். துறைமுகத்தடியில் வேண்டாம், அங்கே படகுகளின் எண்ணெய் மிதக்கும். வீதி வாய்க்கால்கள் கடலில் விழும் இடத்திலும் வேண்டாம். பருத்தித்துறைக் கரையோடு கிடக்கும் கற்படுகைக்கு வெளியே, தெளிந்த நீரில், படகில் போகிறவரிடம் சொல்லி எடுப்பிப்பது மேல். மாரிகாலத்தில் எடுக்க வேண்டாம். மழை வெள்ளத்தோடு, வடகீழ்ப் பருவக்காற்றில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரும் பாக்கு நீரிணைக்குள் இறங்கிவரும். எடுத்த நீரை உணவுப்பொருள் வைக்கும் பிளாஸ்ரிக் பீப்பாவில் ஊற்றி, வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் மூடி வையுங்கள். மிதக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை இருட்டில் செத்து அடியில் படியும். மேலே தெளிந்ததை எடுத்து, ஒரு நாள் காற்று ஊதி, உப்பை அளந்த பிறகு பயன்படுத்தலாம். உப்பு 31 காட்டினால் தட்டையான பாத்திரத்தில் வெயிலில் விட்டு, 100 லீற்றரை 89 லீற்றராக வற்றவிட்டால் 35 ஆகிவிடும்.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். ஆகாது. கடல்நீரின் உப்பில் சோடியம் குளோரைட்டு முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மிச்சத்தில் மகனீசியம், கல்சியம், பொற்றாசியம், சல்பேற்று எல்லாம் இருக்கின்றன. உப்பளத்தில் நீர் வற்றும்போது கல்சியத்தின் பெரும் பகுதி சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் முதலிலேயே படிந்துவிடுகிறது. பிறகு சாப்பாட்டு உப்பு பளிங்காகிறது. மகனீசியம் கடைசிக் கசப்பு நீரிலேயே தங்கி வெளியேறுகிறது. நல்ல உப்பு என்பதே மற்றவை நீக்கப்பட்ட உப்பு. முருகை ஓடு கட்டுவது அந்த நீக்கப்பட்ட கல்சியத்தில்தான். இயற்கைக் கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியமும் 1,300 மில்லிகிராம் மகனீசியமும் உண்டு.

ஆனால் அந்தச் சாப்பாட்டு உப்பு வேறொரு வேலைக்கு உதவும். உப்பை அளக்க ரிஃப்ராக்ரோமீற்றர் வாங்குங்கள். நீர்த்துளியில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பைக் காட்டும் கைக்கருவி அது. தொடங்குகிறவர் பணத்தை யோசிக்காமல் வாங்க வேண்டிய ஒரே அளவுகருவி அதுதான். முள் மிதக்கும் மலிவான அளவியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே எண் பிழைத்துவிடும். ரிஃப்ராக்ரோமீற்றரையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நன்றாக உலர்ந்த உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரைத்தால், அந்தக் கரைசல் 35 உப்புச்செறிவுள்ள கடல்நீரைப் போலவே ஒளியை வளைக்கும். அதில் ஒரு துளி விட்டு, கருவி 35 காட்டும்படி திருகினால் போதும். நகைக்கடைத் தராசு இருந்தால் நிறுவை இன்னும் திருத்தமாக வரும்.

விளக்கைப் பற்றி நிறையச் சொல்வார்கள். நான் சுருக்கமாகவே சொல்கிறேன். லீ சின் எங் சூரியனை நம்பினார். பருத்தித்துறையில் சூரியன் ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ற் கடைசியிலும் உச்சந்தலைக்கு நேரே வரும். ஒளிக்குக் குறைவில்லை. ஆனால் நடுப்பகல் வெயில் நேராக விழுந்தால் 75க்கு 40 சென்ரிமீற்றர் நீர்ப்பரப்பு 250 வாற்றுக்கு மேல் சூட்டை வாங்கும். விசிறி அகற்றும் 28 வாற் அதன் முன்னால் எந்த மூலைக்கு? ஆகவே வெயில் படாத இடத்தில் வைத்து, 30 வாற் எல்ஈடி ஒன்றை நாளுக்கு எட்டு மணிநேரம் எரியுங்கள். முருகை இல்லாத தொட்டிக்கு 20 வாற் வெள்ளை விளக்கே அதிகம்.

அலைக்கு ஒரு சிறு பம்பி, பின்புறம் தொங்கும் வடிகட்டி ஒன்று. மணிக்கு 2,000 லீற்றர் அளவு நீரைத் தள்ளும் பம்பி 100 லீற்றர் தொட்டிக்குப் போதும். ஸ்கிம்மர் வேண்டாம். அதன் வேலை அழகானது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் மிக நுண்ணியதாக நிற்கும். அழுக்கின் புரதங்கள் அந்தக் குமிழிகளின் தோலில் ஒட்டி நுரையாக மேலேறும். கடல் கொந்தளித்த மறுநாள் கரையில் ஒதுங்கும் பழுப்பு நுரை அதுவே. ஆனால் இரண்டு மீன் உள்ள 100 லீற்றரில், வாரத்துக்கு 10 லீற்றர் நீரை மாற்றினால் அதே அழுக்கு வாளியோடு வெளியேறிவிடும். கடல் வாசலில் இருக்கும்போது அந்த நீருக்கு விலையும் இல்லை.

இப்போது கல். லீயின் முறையின் உயிர்நாடி உயிர்க்கல்தான். கல்லின் துளைகளில் வாழும் பற்றீரியாக்கள் மீனின் கழிவான அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். கடல்நீரில் இது உயிர் காக்கும் வேலை. கடலின் பீ.எச். 8.2 அளவில், நஞ்சான அமோனியாவின் பங்கு சாதாரண நன்னீரில் உள்ளதைவிடப் பத்து மடங்குக்கு மேல். லீ தன் கற்களைக் கடலிலிருந்து எடுத்தார். பருத்தித்துறையில் முழங்கால் நீரில் இறங்கினால் நாமும் எடுத்துவிடலாம். ஆனால் எடுக்கக்கூடாது. கல்லாகக் கட்டும் முருகைகள் இலங்கையில் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும், கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வதையும் சேர்ப்பதையும் வைத்திருப்பதையும் சுண்ணாம்புக்கு எரிப்பதையும் ஏற்றிச் செல்வதையும் தடுக்கின்றன. செத்துக் கரையொதுங்கிய கல்தானே என்ற சமாதானமும் செல்லாது.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். 1916இல் கட்டிய வெளிச்சவீட்டடியில் நின்று பாருங்கள். வாடைக்காலத்து அலை எங்கே உடைகிறது என்று தெரியும். அந்தக் கற்படுகைதான் உங்கள் வீதியையும் படகையும் காக்கிறது. பல சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரு கட்டி முருகை அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பிடுங்கி 100 லீற்றர் நீரில் வைத்துப் பழகுவது எந்தப் படிப்புக்கும் நியாயமான விலை அல்ல.

ஆகவே என் தீர்ப்பு இது: பருத்தித்துறையில் ஒருவருடைய முதல் கடல்தொட்டி முருகை இல்லாத தொட்டியாக இருக்க வேண்டும். கற்பாறைக் கரையின் மற்ற உயிர்கள் அங்கே தாராளமாக வாழும். கல்லுக்கு, உள்ளூரில் கிணறு வெட்டும்போது வரும் சுண்ணக்கல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் அடியில் கிடக்கும் அந்தக் கல் மயோசின் காலத்து ஆழமற்ற கடலின் படிவு. ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முந்திய கடலடித் தளம் அது. தோட்டத்து உரம் படாத இடத்துக் கல்லாகப் பார்த்து, துளை நிறைந்த துண்டுகளைத் தேர்ந்து, தேய்த்துக் கழுவி, இரண்டு வாரம் நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி எடுங்கள். அதில் பற்றீரியாக்கள் குடியேறக் காலம் வேண்டும். தொட்டியில் நீரை ஓடவிட்டு, நகமளவு இறால் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று மூன்றையும் அளக்கும் சோதனைத் துளிகள் இந்தக் காலத்துக்கு அவசியம். அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் சுழியமான பிறகே மீன். கல்சியம், மகனீசியச் சோதனைகளை முருகை வைக்கும் நாள் வந்தால் வாங்கலாம்.

நைத்திரேற்றை வாங்கிக்கொள்ளக் கடற்பாசி நல்ல துணை. இலண்டனில் அனா தைன் என்ற பெண்மணி 1846இல் டோர்க்கே கரையில் கிடைத்த சிறு கல்முருகைகளை வீட்டில் வளர்க்கத் தொடங்கினார். ஒட்சிசனுக்காக வேலைக்காரப் பெண் ஒருத்தி திறந்த யன்னலருகே நின்று, நீரை ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் மாற்றி மாற்றி ஊற்றினாள். மறு ஆண்டு தைன் கடற்பாசிகளையும் சேர்த்தார். அவை அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டன. நம் கரையில் வளரும் கோலெர்ப்பா, ஹலிமீடா போன்ற பாசிகள் வெறும் வெள்ளை விளக்கிலேயே செழிக்கும். பார்க்கவும் வடிவானவை.

அந்த வேலைக்காரப் பெண்ணின் வேலையை இன்று பம்பி செய்கிறது, மின்சாரம் இருக்கும் வரைக்கும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின் வெட்டப்பட்டது. அப்படி ஒரு காலம் திரும்ப வராவிட்டாலும், மாரிக் காற்றில் கம்பி அறுந்தால் ஓர் இரவு போய்விடும். 100 லீற்றர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் முழுவதும் சேர்ந்து ஒரு கிராம்கூட வராது. 28 பாகையில் ஏறத்தாழ 0.64 கிராம்தான். நீர் அசைந்து மேற்பரப்பு புதுப்பிக்கப்படாவிட்டால் அந்த இருப்பு இரவுக்குள் கரையும். ஆகவே விளக்கில் மிச்சம் பிடித்தாவது, யூஎஸ்பியில் ஓடும் சிறு காற்றுப்பம்பியும் 10,000 மில்லியம்பியர் மணி பவர் பாங்கும் வாங்கி வையுங்கள். 2 வாற் பம்பியை அது விடியும் வரை ஓட்டும். பட்டியலில் கடைசியில் வரும் இந்தச் சாமானைப் பருத்தித்துறைப் பட்டியலில் நான் மேலே வைப்பேன். மொத்த மின்செலவு மாதத்துக்கு ஏறத்தாழ 20 அலகு.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குப் போகும் இணைப்பு 30 மில்லியம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும். அப்போது வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது வடிகட்டிக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம்.

உயிர்களைப் பொறுத்தவரை, பாசி மேயும் ஊரிகள் சில, ஊரிக்குள் குடியிருக்கும் சிறு நண்டுகள், இரண்டு கோமாளி மீன்கள் முதல் ஆண்டுக்குப் போதும். கோமாளி மீனைக் கடலில் பிடித்ததாக அன்றி, தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். இது நடக்காத காரியமல்ல. நீரிணைக்கு அப்பால் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் அவற்றைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்தது தொட்டித் தீனிக்குப் பழகியிருக்கும். கரையில் எதை எடுக்கலாம் என்பதைக் கடற்றொழில் திணைக்களத்திடம் கேட்டறியுங்கள். கூம்பு வடிவ ஊரிகளை மட்டும் கையால் தொடவே வேண்டாம். அவற்றில் சில இனங்களின் கொடுக்கு மனிதரைக் கொல்லக்கூடியது.

இப்படி ஒரு தொட்டியை ஒரு முழு ஆண்டு, சித்திரை வெயிலும் மாரி மின்வெட்டும் தாண்டி, உப்பு 35இலும் வெப்பம் 29க்குக் கீழும் நிற்க வைத்தவருக்கு முருகை வளர்ப்பின் கடினமான பாதி கைவந்துவிட்டது. அதன் பிறகு, உரிய அனுமதியோடு வரும் வளர்ப்பு முருகைத் துண்டைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை முருகையைப் பார்க்க வேண்டுமென்றால் நீர்க்கண்ணாடி ஒன்று போதும், கடல் வாசலில்தான் இருக்கிறது. வரும் சித்திரையில் ஒரு பின்னேரம் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை வீட்டின் ஒவ்வொரு அறையிலும் வைத்துப் பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு கண்ணாடிக் கடைக்குப் போங்கள்.